ஜெட்ஸ்கியில் மிஸ்ஸிங்: புதுக் காயிலும் ஏன் போகிறது?

பிளக்கில் பொறி விழக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயில் போன ஜெட்ஸ்கி பெரும்பாலும் ஒரேயடியாகப் படுத்துவிடாது. பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும். கரையை விட்டு மெதுவாகப் போகும்வரை குறை ஒன்றும் தெரியாது. வெளியே போய் வேகம் கூட்டும் லீவரை முழுக்க அழுத்தும்போதுதான் வண்டி திணறும். 4000, 5000 ஆர்.பி.எம். பக்கம் நின்றுகொண்டு மேலே ஏற மறுக்கும், பின்னால் எரியாத பெட்ரோல் வாடை அடிக்கும். அதனால் பலர் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், தண்ணீர் கலந்த பெட்ரோல் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுவிட்டுக் கடைசியில்தான் காயிலுக்கு வருவார்கள். இன்னொரு கூட்டம் எடுத்த எடுப்பிலேயே காயில் மேல் பழியைப் போட்டு, புதுசு வாங்கி மாட்டி, சில வாரத்தில் அதே மிஸ்ஸிங்கோடு, அதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் விடும் கோளாறோடு, திரும்பி வரும். எங்களிடம் அதிகம் வருவது இந்த இரண்டாவது கூட்டம்தான்.

நான் தூத்துக்குடியில் ஃபைபர் படகுகளின் அவுட்போர்டு மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தவன். இப்போது துபாயில், வாடகைக்கு ஓடும் ஜெட்ஸ்கிகளைப் பராமரிக்கிற ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் வேலை. ஊர்க் கடலுக்கும் இந்தக் கடலுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பொதுவாகக் கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் உப்பு என்றால், இந்த வளைகுடாவில் அது 40 கிராம் பக்கம் போகும். கோடையில் தண்ணீரே வெந்நீர் மாதிரிச் சுடும். வாடகை வண்டி காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஓய்வில்லாமல் ஓடும். சூடு, உப்பு, ஈரம் மூன்றும் சேர்ந்தால் முதலில் அடிவாங்குவது எலெக்ட்ரிக்கல் சாமான்கள்தான்.

இங்கே சொல்லப்போகிற வண்டியில் இருப்பது ரோட்டாக்ஸ் 1503 என்ற 1494 சிசி இன்ஜின். மூன்று சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், சூப்பர்சார்ஜர் கிடையாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில். பிளக் வயர் என்று எதுவும் கிடையாது. நீளமான காயில் பிளக் குழிக்குள் இறங்கி நேராகப் பிளக்கின் தலையில் உட்காரும். பென்சில் காயில் என்பார்கள். வண்டியைக் கொண்டுவந்தது வாடகைக்கடையில் வேலைபார்க்கும் ராமநாதபுரத்துத் தம்பி ஒருவன்.

"அண்ணே, நடு சிலிண்டர் காயில் புதுசு. கவர் பிரிச்சு நானேதான் போட்டேன். அதுக்குள்ள போயிருக்குமா?"

போயிருக்கும். ஆனால் அது ஏன் போனது என்று தெரியாமல் இன்னொன்றை மாட்டினால் அதுவும் போகும்.

முதலில் கொஞ்சம் உள்விவரம். காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. முதல் சுருளில் பேட்டரியின் 12 வோல்ட் கரண்ட் ஓடும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. அதைச் சட்டென்று துண்டிக்கும்போது காந்தப்புலம் சரிந்து, மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய இரண்டாவது சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழும்பும். அது பிளக்கின் இடைவெளியைத் தாண்டினால்தான் பொறி. எவ்வளவு வோல்ட் இருந்தால் தாண்டும் என்பது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பொறுத்தது. ஐடிலில் உள்ளே போகும் காற்று கொஞ்சம், அழுத்தமும் குறைவு. லீவரை முழுக்க அழுத்தினால் காற்றும் பெட்ரோலும் நெருக்கி அடைபடும். அதே இடைவெளியைத் தாண்ட இப்போது இன்னும் அதிக வோல்ட் வேண்டும். வயதான காயிலில் உள்ளே ஊற்றியிருக்கும் எபாக்சி பிசின் வெடிப்பு விட்டிருக்கும், கீழே பிளக்கைக் கவ்வும் ரப்பர் உறையில், அதாவது பூட்டில், உப்பு படிந்திருக்கும். பிளக்கைத் தாண்டுவதைவிட அந்த வெடிப்பு வழியாக இன்ஜின் உடம்புக்கு இறங்குவது சுலபம் என்றால் கரண்ட் அங்கேதான் போகும். மெதுவாகப் போனால் நல்ல வண்டி, வேகம் எடுத்தால் நொண்டி வண்டி என்று ஆவது இப்படித்தான்.

டிரெய்லரில் வைத்து ஸ்டார்ட் பண்ணிக் கேட்டுவிட்டு "காயில் நல்லா இருக்கு" என்று முடிவு கட்ட முடியாததும் இதனால்தான். மல்டிமீட்டரும் பாதி உண்மையைத்தான் சொல்லும். முதல் சுருளில் ஒரு ஓம் பக்கம் காட்ட வேண்டும். இரண்டாவது சுருள் ஆயிரக்கணக்கான ஓமில் இருக்கும், சரியான அளவை அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளலாம். மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை என்றால் கம்பி அறுந்துவிட்டது, சந்தேகமே வேண்டாம். சரியாகக் காட்டினால் காயில் பாஸ் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மீட்டர் அளப்பது ஒன்றிரண்டு வோல்ட்டில். ஒழுகல் தெரிவதோ பல்லாயிரம் வோல்ட்டில், அதுவும் காயில் சூடான பிறகு.

கம்ப்யூட்டர் மாட்டிப் பார்ப்பவர்களுக்கும் இதே கதைதான். பி0351, பி0352, பி0353 என்று முதல் மூன்று காயில்களின் சர்க்யூட்டுக்குக் கோளாறு எண், அதாவது எரர் கோடு, உண்டு. வயர் அறுந்தாலோ கனெக்டர் கழன்றாலோ அது வரும். பூட்டின் ஓரமாகக் கரண்ட் ஒழுகுவதை அது பல நேரம் கவனிப்பதே இல்லை. கோடு இல்லை, ஆகவே காயில் நல்லது என்று எழுதிக் கொடுத்த சீட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, எந்த சிலிண்டர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கார் மெக்கானிக்குகள் எக்ஸாஸ்ட் குழாய்களின் சூட்டை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பார்த்து, ஆறிக்கிடக்கும் குழாய்தான் வேலை செய்யாத சிலிண்டர் என்று சொல்லிவிடுவார்கள். ஜெட்ஸ்கியில் அது பலிக்காது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச் சுற்றியே தண்ணீர் ஓடுகிறது. இன்ஜின் ஓடும்போது கனெக்டரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பதும் பலருடைய வழக்கம். எனக்கு அது பிடிக்காது. எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்டுக்குள் போகும், கை ஈரமாக இருந்தால் ஷாக் அடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் கீழே இறங்கிக் காற்றோடு போய்விடும். ஜெட்ஸ்கியில் போக வழியில்லாமல் ஹல்லின், அதாவது படகு உடம்பின், அடியில் தேங்கி நிற்கும். அங்கே ஒரு பொறி போதும். நான் சீட்டைக் கழற்றி ஓரமாக வைத்து, கொஞ்ச நேரம் திறந்தே போட்டு, குனிந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே கையை விடுவேன். வாடை இருந்தால் முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பேன், காயில் காத்திருக்கட்டும்.

இன்னொன்று, காயிலை வெளியே எடுத்து அந்தரத்தில் வைத்துக்கொண்டு இன்ஜினைக் கிராங்க் பண்ணக் கூடாது. தாண்டிப் போக பிளக் இல்லாதபோது அந்த வோல்ட்டேஜ் காயிலின் இன்சுலேஷனையே ஓட்டை போட்டுக்கொண்டு வெளியேறும். நல்ல காயிலைக் கெடுக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

நான் செய்வது இடம் மாற்றும் சோதனை. முதல் சிலிண்டர் காயிலை நடுவிலும், நடுக் காயிலை முதல் சிலிண்டரிலும் போட வேண்டும். காயிலை மட்டும்தான் மாற்ற வேண்டும், கனெக்டர்கள் அந்தந்த இடத்திலேயே இருக்கட்டும். கனெக்டர் மாறினால் பொறி தப்பான நேரத்தில் விழும். பிறகு தண்ணீரில் இறக்கி லோடு கொடுத்து ஓட்டிவிட்டு பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். வேலை செய்யாத சிலிண்டரின் பிளக் கறுத்து, பெட்ரோலில் நனைந்திருக்கும். மற்றவை காய்ந்த இளம்பழுப்பில் இருக்கும். கோளாறு காயிலோடு இடம் மாறினால் காயில். இடம் மாறாமல் நடு சிலிண்டரிலேயே நின்றால் பிளக், வயரிங், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றிவிட்டு எது குற்றவாளி என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

தம்பி கொண்டுவந்த வண்டியில் கோளாறு காயிலோடு நகர்ந்தது. புதுக் காயில்தான், ஆனால் செத்திருந்தது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். ரப்பர் பூட்டின் மேலிருந்து கீழ்வரை பென்சிலால் கோடு இழுத்ததுபோல ஒரு மெல்லிய கறுப்புத் தடம். கரண்ட் ஒழுகி ஒழுகிக் கருக்கிய பாதை அது. ஒருமுறை இந்தத் தடம் விழுந்துவிட்டால் துடைத்தாலும் பயனில்லை, கரண்டுக்கு அதுவே ரோடாகிவிடும். உள்ளே பிளக்கைத் தொடும் ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தது. டார்ச் அடித்துக் குழிக்குள் பார்த்தால், பிளக்கின் இடுப்புவரை பழுப்பு நிறத் தண்ணீர். விளிம்பில் வெள்ளையாக உப்பு.

"சாயங்காலம் வண்டியை எப்படிடா கழுவுறீங்க?"

"பிரஷர் வாஷர்ண்ணே. சீட்டைத் தூக்கிட்டு உள்ளேயும் நல்லா அடிச்சிருவோம். உப்பு போகணும்ல?"

அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. உப்பைப் போக்கத்தான் அடிக்கிறான். ஆனால் சின்ன பிரஷர் வாஷரே 100 பாருக்கு மேல் அடிக்கும். காயிலின் கழுத்தில் இருக்கும் ரப்பர் சீல் தெறிக்கிற தண்ணீரைத் தடுக்கத்தான் இருக்கிறது, அந்த வேகத்தைத் தாங்க அல்ல. அதைவிட மோசம், நாள் முழுக்க ஓடிச் சூடாக இருக்கும் இன்ஜின்மேல் குளிர்ந்த தண்ணீரை அடிப்பது. குழிக்குள் இருக்கும் சூடான காற்று சட்டென்று ஆறிச் சுருங்கும், சீலின் ஓரத்தில் நிற்கும் உப்புத் தண்ணீரைத் தானாகவே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே போனது வெளியே வர வழியில்லை. மறுநாள் இன்ஜின் சூட்டில் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கும். சாயங்காலம் மறுபடி தண்ணீர். தம்பி காயிலைக் குழியைத் துடைக்காமலே மாட்டியிருந்தான், ஆகவே புதுக் காயில் முதல் நாளிலிருந்தே உப்புத் தண்ணீரில்தான் நின்றது.

கழற்றுவதிலும் பொறுமை வேண்டும். முதலில் காயிலின் தலையைச் சுற்றி இருக்கும் மணலையும் உப்பையும் காற்றடித்து ஊதிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது குழிக்குள் விழும். கனெக்டரின் லாக்கை அமுக்கிக் கழற்றிவிட்டு, காயிலை இடமும் வலமுமாக மெல்லத் திருகிக்கொண்டே நேராக மேலே இழுக்க வேண்டும். உப்பில் இறுகிய காயிலை ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பினால் பிளாஸ்டிக் தலை கையோடு வரும், உடம்பு குழிக்குள் தங்கிவிடும். அப்புறம் நீளமூக்கு பிளையரோடு அரை நாள் போய்விடும்.

குழியில் தண்ணீர் நிற்கும்போது பிளக்கைக் கழற்றவே கூடாது. அந்த உப்புத் தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் இறங்கும். ஒரு ஊசிபோடும் சிரிஞ்சில் சின்ன ட்யூபை மாட்டி உறிஞ்சி எடுத்து, துணி விட்டு ஒற்றி, காற்றடித்துக் காயவைக்க வேண்டும். பிறகு 16 மி.மீ. பிளக் சாக்கெட்டால் கால் சுற்று மட்டும் தளர்த்தி, மறுபடி ஒருமுறை ஊதிவிட்டு முழுதாகக் கழற்றலாம். தளர்ந்த பிளக் ஆழத்தில் கிடந்து கைக்கு எட்டாவிட்டால் அதே காயிலை அதன் தலையில் அமுக்கி மேலே தூக்கினால் பிளக் ஒட்டிக்கொண்டு வரும். செத்த காயிலால் கிடைக்கிற கடைசி உபயோகம்.

மூன்று பிளக்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். இந்த இன்ஜினுக்கு என்.ஜி.கே. டி.சி.பி.ஆர்.8.ஈ. என்ற நம்பர், இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. தேய்ந்த பிளக்கில் இந்த இடைவெளி அகன்றிருக்கும், அதைத் தாண்ட காயில் ஒவ்வொரு பொறிக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும். விலை குறைந்த பிளக்கை மிச்சம் பிடித்து விலை கூடிய காயிலைப் பறிகொடுப்பவர்கள் எத்தனையோ பேர். பிளக்கைக் கையால் மரையில் உட்காரவைத்து, கடைசியாக டார்க் ரெஞ்சில் 15 முதல் 20 நியூட்டன் மீட்டர். அலுமினிய ஹெட், 12 மி.மீ. மரை, பலத்தைக் காட்டுகிற இடம் அல்ல.

காயிலை இறக்கும் முன் அதன் கழுத்து சீலைச் சுற்றி டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவ வேண்டும். நான் டௌ கார்னிங் 111 பயன்படுத்துகிறேன். பூட்டின் உள்வாயிலும் மெல்லியதாகக் கொஞ்சம். கனெக்டர் பின்களில் அப்பி வைக்க வேண்டாம், அந்தக் கிரீஸ் கரண்டைக் கடத்தாது. பின்கள் பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனரும் சின்ன பிரஷும் போதும். பின் அரித்து மெலிந்திருந்தால் கனெக்டரையே மாற்றுவது நல்லது. சீல் சுற்றிலும் சமமாகப் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் பழைய கதை திரும்பும்.

அப்படியே பேட்டரியையும் இன்ஜினுக்கு வரும் எர்த் கேபிளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். காயிலில் சேரும் சக்தி அதற்குக் கிடைக்கும் வோல்ட்டேஜைப் பொறுத்தது. பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். கிராங்க் பண்ணும்போது 10க்குக் கீழே சரிந்தால் எந்தப் புதுக் காயிலும் பலவீனமாகத்தான் பொறி கொடுக்கும். எர்த் போல்ட்டின் அடியில் உப்பு பூத்திருப்பது இங்கே சர்வசாதாரணம்.

காயில் வாங்கும்போதும் கவனம் வேண்டும். சனையாவில், அதாவது இங்குள்ள ஒர்க்‌ஷாப், உதிரிபாகக் கடைகள் நிறைந்த பகுதியில், ஒரிஜினல் விலையில் பாதிக்கும் கீழே காயில் கிடைக்கும். பெட்டி அதே பெட்டி மாதிரிதான் இருக்கும். கையில் எடுத்தால் எடை குறைவாகத் தெரியும், பூட்டின் ரப்பர் வழவழப்பாக, விறைப்பாக இருக்கும். சொந்த வண்டி, மாதத்துக்கு ஒருமுறை ஓட்டுகிறேன் என்பவருக்கு அது ஓடலாம். வாடகை வண்டிக்குப் போடாதீர்கள். நடுக்கடலில் நின்றால் கட்டி இழுத்துவர இன்னொரு வண்டியை அனுப்ப வேண்டும், அந்த நேரத்துக்கு இரண்டு வண்டியின் வாடகையும் போச்சு.

மாட்டியபின் ஹோஸ் போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம். அதிலும் ஒரு முறை இருக்கிறது. இன்ஜின் ஓட ஆரம்பித்த பிறகுதான் தண்ணீர் குழாயைத் திறக்க வேண்டும், நிறுத்தும்போது முதலில் குழாயை மூடிவிட்டு அப்புறம் இன்ஜினை நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் எக்ஸாஸ்டில் தேங்கும் தண்ணீர் இன்ஜினுக்குள் திரும்பும். இரண்டு நிமிடத்துக்கு மேல் தரையில் ஓட்டவும் வேண்டாம், டிரைவ் ஷாஃப்ட்டின் கார்பன் சீலுக்குக் குளிர்ச்சி வண்டி தண்ணீரில் மிதக்கும்போதுதான் கிடைக்கும். தரையில் சத்தம் சீராக இருந்தால் சந்தோஷம்தான், ஆனால் தீர்ப்பு கடலில். லைஃப் ஜாக்கெட் மாட்டி, ஆள் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் லேன்யார்டு கயிற்றைக் கட்டி, இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு லீவரை முழுக்க அழுத்த வேண்டும். தம்பியின் வண்டி 7000ஐ தாண்டி ஏறி அங்கேயே நின்றது. கரைக்கு வந்ததும் காயில்களைக் கழற்றிக் குழிகளைப் பார்த்தோம். காய்ந்திருந்தன.

கழுவும் முறையையும் மாற்றச் சொன்னேன். பிரஷர் வாஷர் வெளி உடம்புக்கு மட்டும். உள்ளே, இன்ஜின் ஆறிய பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைப்பது, உலர்ந்ததும் உலோக பாகங்களில் துரு தடுக்கும் ஸ்ப்ரே, ராத்திரி சீட்டைச் சற்றுத் தூக்கி வைத்து ஈரம் போக விடுவது. கடை முதலாளிக்கு இது பிடிக்கவில்லை, ஆள் நேரம் அதிகம் ஆகிறதாம். காயில் பில்லைக் காட்டியபின் ஒத்துக்கொண்டார்.

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் சங்கதி வேறு. காயில் பெரும்பாலும் எலெக்ட்ரிக்கல் பெட்டிக்குள் மூடி இருக்கும், அங்கிருந்து பிளக் வயர் வரும். அங்கே பாதி நேரம் கெடுவது காயில் அல்ல, வயரின் நுனி. மரை கேப்பைத் திருகிக் கழற்றினால் நுனிக் கம்பி பச்சையாக அரித்திருக்கும். வயரில் நீளம் இருந்தால் நுனியில் கொஞ்சம் வெட்டிவிட்டு, நல்ல கம்பி தெரிந்ததும் கேப்பை மறுபடி திருகினால் வேலை முடிந்தது.

செகண்ட்ஹேண்டில் ஜெட்ஸ்கி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பெயின்ட்டையும் சீட் கவரையும் பார்ப்பதற்கு முன்னால் சீட்டைத் தூக்கச் சொல்லி, இன்ஜின் ஆறியிருக்கும்போது ஒரு காயிலை உருவிக் காட்டச் சொல்லுங்கள். குழி காய்ந்து, ஸ்பிரிங் பளிச்சென்று இருந்தால் பேரத்தை ஆரம்பிக்கலாம். "அதெல்லாம் தொடாதீங்க, கம்பெனி செட்டிங்" என்று விற்கிறவர் தடுத்தால், மூன்று காயில், மூன்று பிளக், ஒரு கனெக்டர் ஆகியவற்றின் விலையை மனதுக்குள் கழித்துக்கொண்டு பேசுங்கள்.